கரையில் ஒதுங்கும் குழாயை எங்கள் கையால் தூக்கிவரச் சொல்லாதீர்கள்

மீன் ஏலக்கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பில் கையெழுத்திட்ட அதிகாரி அவர்களுக்கு,

கடற்கரையில் ஒதுங்கும் சந்தேகத்துக்குரிய பொருள் எதையும் கண்டெடுப்பவர்கள் உடனே நிலையத்தில் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும், தவறினால் நடவடிக்கை என்று எழுதியிருக்கிறீர்கள். மொத்தம் நான்கு வரி. அதில் 'கொண்டுவந்து' என்ற சொல்லை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. கொண்டுவர வேண்டுமென்றால் குனிந்து எடுக்க வேண்டும். எடுத்து இடுப்பிலோ சைக்கிளிலோ படகிலோ வைக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் போன வருஷம் இதைத்தான் செய்தான். அவனுடைய வலது கையில் இரண்டு விரல்கள் இன்றைக்கும் மடங்குவதில்லை.

நான் முப்பத்தொரு வருஷம் இந்தக் கடலோரத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள். ஓய்வுபெற்றும் இங்கேயேதான் இருக்கிறேன். பையனின் பெயரையும் ஊரையும் எழுதப் போவதில்லை. அந்தக் குடும்பம் உங்கள் விசாரணையைப் பார்த்துவிட்டது, இன்னொரு தடவை அவர்களுக்கு அது வேண்டாம். ஆனால் நடந்ததை முழுக்கச் சொல்கிறேன். அந்த நான்கு வரியை எழுதியபோது உங்கள் மேசையில் இதெல்லாம் இருந்திருக்க வாய்ப்பில்லை.

வைகாசிக் கடைசி. கச்சான் காற்று பிடித்துத் தென்கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில் தென்கரையில் என்னென்ன ஒதுங்கும் என்பது எங்களுக்குத் தெரியும்: கட்டக்கோரை என்ற கடல்பாசி, அறுந்த வலை, மிதவை, செருப்பு, பெயர் தெரியாத ஊர்களின் பாட்டில். பையன் ஒன்பதாம் வகுப்பு. விடியற்காலையில் அம்மாச்சியோடு கரைவலை இழுக்கும் இடத்துக்குப் போனவன், கோரைக் குவியலுக்குள் ஓர் அலுமினியக் குழாய் செருகிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறான். முழங்கை நீளம். எழுத்து இருந்த இடம் உப்பில் அரித்துப்போயிருந்தது. காயலான் கடையில் அலுமினியத்துக்கு இரும்பைவிட நல்ல விலை உண்டு என்பது இந்தக் கரையில் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும்.

கல்லில் தட்டியிருக்கிறான். வாய்ப்பக்கத்திலிருந்து மெழுகு மாதிரி ஒரு மஞ்சள் கட்டி பெயர்ந்து விழுந்திருக்கிறது. கெட்டுப்போன பூண்டு மாதிரி நாற்றம் அடித்ததாகப் பிறகு சொன்னான். குழாயைச் சாக்கில் போட்டுக்கொண்டு, அந்தக் கட்டியை மட்டும் கால்சட்டைப் பையில் வைத்திருக்கிறான்.

ஏன் தெரியுமா? எனக்குக் காட்டுவதற்காக. கரையில் வித்தியாசமான கல், கிளிஞ்சல் எது கிடைத்தாலும் டீச்சரிடம் கொண்டுவாருங்கள் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தேன். அவனுடைய அம்மாவுக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னேன். அவளும் என் மாணவி. 'கொண்டுவா' என்ற சொல்லை உங்களுக்கு முன்னால் நானும் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் அது என்னை இப்படிக் குத்துகிறது.

கடலில் நனைந்த கால்சட்டை, சைக்கிள் மிதித்து வருகிற வழியில் வெயிலில் காய்ந்தது. என் வீட்டுக்கு நாலு வீடு முன்னால் இருக்கிற டீக்கடையருகே பையிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பியது. அவன் கையால் அடித்து அணைக்கப் பார்த்தான். கட்டி உருகிக் கையிலும் ஒட்டிக்கொண்டது. டீக்கடைக்காரர் பானைத் தண்ணீரை அப்படியே கவிழ்த்தார். தீ நின்றது. யாரோ தேங்காயெண்ணெய் கொண்டுவந்து தடவினார்கள், பாசத்தோடுதான். ஐந்து நிமிஷம் இருக்கும். காய்ந்த இடத்திலிருந்து மறுபடியும் புகைந்தது. நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அந்தப் பூண்டு நாற்றத்தில்தான் புரிந்துகொண்டேன். துண்டை நனைத்துச் சுற்றி, காயவே விடாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே ஈரத்துண்டை எடுத்துப்போட்டுவிட்டு, களிம்பு தடவி உலர்ந்த கட்டுப் போட்டார்கள். இது சாதாரணத் தீக்காயம் இல்லை, ஈரம் காயக்கூடாது, எண்ணெய்ப் பசையுள்ள எதையும் தடவக்கூடாது என்று நான் சொன்னேன். ஒரு வாத்தியாரம்மா பதற்றத்தில் பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அன்றைக்கு ராத்திரி பத்து மணிக்குக் கட்டுக்குள்ளிருந்து புகை வந்தது. அதற்குப் பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். தொடையில் தோல் ஒட்டு வைத்து வீட்டுக்கு வர ஐந்து வாரம் ஆனது. அவனுடைய அம்மா பாசி எடுக்கப் போகிறவள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்தால்தான் அன்றைக்குக் காசு. ஐந்து வாரமும் அது இல்லை.

மூன்றாம் நாள் உங்கள் ஆட்கள் வந்தார்கள். குழாய் எங்கே கிடைத்தது, யார் கொடுத்தது, வீட்டில் யாராவது இலங்கைக் கரைக்குப் போய்வருகிறவர்கள் உண்டா என்று அந்தப் பெண்ணை இரண்டு மணி நேரம் கேட்டார்கள். பிறகு, வந்தவர்களில் இளையவர் அந்தக் குழாயைச் சாக்கோடு தூக்கி மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டாங்கிமேல் வைத்துக்கொண்டு கிளம்பினார். வேண்டாம் தம்பி, கீழே வை, தள்ளி நில் என்று நான் கத்தினேன். அவர் சிரித்துவிட்டுப் போனார். அவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். அவருக்கும் அது என்னவென்று தெரியாது. அந்தக் காட்சிதான் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

அது என்ன பொருள் என்று எழுத்தில் இரண்டு தடவை கேட்டேன். விசாரணையில் இருக்கிறது என்ற ஒரு வரிதான் கிடைத்தது. பல மாதம் கழித்துச் சுவரில் உங்கள் அறிவிப்பு.

சரி, அது என்ன வகைப் பொருள் என்று எனக்குப் படுவதை நானே சொல்கிறேன்: வெள்ளைப் பாஸ்பரஸ். இந்தக் கடிதத்தைப் படிக்கும் எங்கள் கடலோரத்து மக்களுக்கும் தெரிய வேண்டும்.

நம் மாவட்டத்தில் கரிமூட்டம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். வேலிக்கருவை விறகை அடுக்கி, மேலே வைக்கோலும் மண்ணும் போட்டு மூடிவிடுவார்கள். உள்ளே நெருப்பு இருக்கும், வெளியே தெரியாது. மண் விரிந்து காற்று புகுந்தால் குப்பென்று பிடித்துக்கொள்ளும். அதற்காகவே ராத்திரியெல்லாம் ஓர் ஆள் விழித்திருந்து விரிசலை அடைத்துக்கொண்டே இருப்பார். வெள்ளைப் பாஸ்பரஸ் அந்த மூட்டம் மாதிரி. ஆனால் அதற்குள் கங்குகூட வேண்டியதில்லை. தண்ணீருக்குள் இருக்கும்வரை மெழுகுபோலச் சும்மா கிடக்கும். வெளியே எடுத்துக் காயவிட்டால் சுமார் 30 டிகிரி வெப்பத்திலேயே தானாகப் பற்றிக்கொள்ளும். வைகாசி வெயிலில் நம் மணல் அதைத் தாண்டிவிடும். பற்றினால் வெள்ளைப் புகை எழும். அந்தப் புகை ஈரத்தில் கலந்தால் அமிலம். தோலில் ஒட்டினால் உள்ளே இறங்கிக்கொண்டே போகும், ஏனென்றால் அது கொழுப்பில் கரையும். எண்ணெய் தடவினால் இன்னும் எளிதாக உடம்புக்குள் போகும். ரத்தத்தில் கலந்தால் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், சுண்ணாம்புச் சத்தைக் குறைத்து இதயத் துடிப்பையே குழப்பும். சின்னக் காயமாகத் தெரிந்தாலும் அதை மேலோட்டமாகப் பார்த்து அனுப்பக்கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

1669இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் ஹென்னிக் பிராண்ட் என்பவர் சிறுநீரைக் காய்ச்சிக் காய்ச்சி இந்தத் தனிமத்தைக் கண்டெடுத்தார். வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அதே ஹாம்பர்க்கின்மேல் 1943 ஜூலையில் எரிகுண்டுகள் விழுந்தன, பாஸ்பரஸ் குண்டுகளும் அவற்றில் இருந்தன. ஊரே ஒரு நெருப்புப் புயலாக எழுந்து 35 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் என்று சொல்லும்போது வகுப்பில் சத்தம் இருக்காது. 1945 மார்ச்சில் டோக்கியோவில் ஒரே ராத்திரியில் சுமார் ஒரு லட்சம் பேர். அங்கே விழுந்தது நேபாம், ஒட்டிக்கொண்டு எரிகிற பெட்ரோல் கூழ். மரத்தாலும் காகிதத்தாலும் ஆன வீடுகள். பனையோலைக் குடிசை எப்படி எரியும் என்று பார்த்த எங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

இப்படித் தீமூட்டும் பொருட்களின் குடும்பத்தில் இன்னும் சில உண்டு. அலுமினியப் பொடியும் இரும்பு ஆக்சைடும் சேர்ந்த தெர்மைட், 2000 டிகிரிக்கு மேல் போகும். ரயில்வேயில் தண்டவாளத் துண்டுகளை உருக்கி ஒட்டவைப்பதும் அதனால்தான், போரில் இரும்பை உருக்குவதும் அதனால்தான். மெக்னீசியம் எரியும்போது தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசமாகும். கால்சியம் பாஸ்பைடு என்று ஒன்று, கடல்தண்ணீர் பட்டாலே தானாகப் பற்றும் வாயுவை விடும். இருட்டில் கடலில் ஓர் இடத்தை அடையாளம் காட்டக் கப்பலும் விமானமும் போடும் மிதவை விளக்குகளில் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். புகை அடையாளக் குழாய்களில் சிவப்புப் பாஸ்பரஸ் இருக்கும். தீயைக் கண்டால் தண்ணீர் ஊற்று, தெரியாத பொருளைக் கண்டால் கடலுக்குள்ளேயே திருப்பி எறி என்று எங்களுக்கு இருக்கும் இரண்டு பழக்கமும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. அதை யாராவது சொல்லித்தர வேண்டும்.

நான் இவை எதுவுமே கடலில் இருக்கக்கூடாது என்று சொல்லவில்லை. ஆபத்தில் இருக்கும் கப்பல் சுடுகிற பாராசூட் விளக்கு 300 மீட்டர் உயரம் போய் 40 விநாடி எரிகிறது. அந்த 40 விநாடி பல வீட்டுக்கு அப்பாவைத் திருப்பிக் கொடுக்கும். எரியாமல் போனது, பாதி எரிந்தது, அலையில் புரண்டு எங்கள் கரைக்கு வந்தது, அதைப் பற்றித்தான் பேசுகிறேன்.

இங்கே ஒரு சட்ட விஷயம் இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1980இல் ஜெனீவாவில் ஒப்புக்கொண்ட மரபுவழி ஆயுத உடன்படிக்கையின் மூன்றாம் நெறிமுறை, எரியூட்டும் ஆயுதங்களால் பொதுமக்களைத் தாக்குவதைத் தடுக்கிறது. இந்தியாவும் அதில் சேர்ந்த நாடு. ஆனால் அந்த நெறிமுறை எரியூட்டும் ஆயுதம் எது என்று வரையறுக்கும் இடத்தில், வெளிச்சம் காட்டுவது, புகை போடுவது, சைகை காட்டுவது ஆகியவற்றை வெளியே நிறுத்திவிட்டது. அவற்றால் தீப்பிடித்தாலும் அது தற்செயல் என்று கணக்கு. காகிதத்தில் அந்தக் குழாய் ஆயுதம் இல்லை, வெறும் சைகை. ஒன்பதாம் வகுப்புப் பையனின் தொடைக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை. ஆயுதமாக இருந்தால் அதற்குக் கணக்கு, பதிவேடு, எச்சரிக்கை எல்லாம் இருந்திருக்கும். சைகை என்பதால் எந்தப் பதிவேட்டிலும் இல்லாமல் கோரைக்குள் கிடந்தது. சட்டம் விட்ட இடத்தை நிர்வாகம் நிரப்பியிருக்க வேண்டும். ஓர் அறிவிப்பால் நிரப்ப முடிந்த இடம்தான் அது.

வேறு கரைகளில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் நடுவில் பியூஃபோர்ட்ஸ் டைக் என்ற கடற்பள்ளம் இருக்கிறது. உலகப் போர் முடிந்ததும் மிச்சமான குண்டுகளை அதில் கொட்டினார்கள், பத்து லட்சம் டன்னுக்கும் மேலே. 1995இல் கடலடியில் எரிவாயுக் குழாய் பதிக்கப் போனபோது பாஸ்பரஸ் எரிகுழல்கள் கிளம்பி 4 ஆயிரத்துக்கும் அதிகமாகக் கரை ஒதுங்கின. அங்கேயும் ஒரு குழந்தை அதைக் கையில் எடுத்தது. நான்கு வயது. அந்தக் குழந்தைக்கும் தீக்காயம்.

பால்டிக் கடலில் உசேடோம் என்றொரு தீவு. 1943இல் அங்கிருந்த ராக்கெட் ஆராய்ச்சிக் கூடத்தின்மேல் வீசிய எரிகுண்டுகளின் பாஸ்பரஸ் எண்பது வருஷம் ஆகியும் கரைக்கு வருகிறது. பார்ப்பதற்கு, பழங்கால மரப்பிசின் இறுகி உண்டான அம்பர் கல் மாதிரியே இருக்கும், அம்பர் பொறுக்கப் போகிறவர்கள் பையில் போட்டு எரிந்துபோகிறார்கள். அந்த ஊர் என்ன செய்தது தெரியுமா? கரையில் பலகை வைத்தது. மக்கள் பொறுக்குவதை நிறுத்த மாட்டார்கள் என்று ஏற்றுக்கொண்டு, பொறுக்கினால் சட்டைப் பையில் போடாதே, தகர டப்பாவில் போடு என்று சொல்லிக்கொடுத்தது. எனக்கு அந்த அணுகுமுறை பிடித்திருக்கிறது.

நம் கடல் மட்டும் சுத்தமான கடலா? தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் 30 கிலோமீட்டர்கூட இல்லை. அந்தப் பக்கம் 1983 முதல் 2009 வரை போர் நடந்தது, நிலத்திலும் கடலிலும். 2018 ஜூனில் தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டுக் கொல்லையில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டியபோது பெட்டி பெட்டியாகத் தோட்டாக்கள் வந்தன. எண்பதுகளில் புதைத்தது. தோண்டியவர்களுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நாங்கள் குடியிருக்கும் மணலும் நாங்கள் பிழைக்கும் தண்ணீரும் அடுத்தவர்கள் வைத்துவிட்டுப் போனதைச் சுமந்துகொண்டிருக்கின்றன. பையனுக்குக் கிடைத்த குழாய் யாருடையது என்று நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. கடலுக்கு எல்லை தெரியாது, கச்சானுக்கும் தெரியாது.

இந்த மண்ணில் ஏதாவது கிடைத்தது என்று சொன்னாலே சந்தேகம் வரும் என்ற பயம் எங்கள் மக்களுக்குப் பழையது. உங்கள் அறிவிப்பின் கடைசி வரி, நடவடிக்கை என்ற அந்த வரி, பயத்தை இன்னும் கூட்டியிருக்கிறது. போன மாதம் பாசிக்குப் போகிற பெண்கள் இரண்டு பேர் ஒரு துருப்பிடித்த டப்பாவைப் பார்த்திருக்கிறார்கள். நிலையத்துக்குப் போனால் வேலை கெடும், விசாரிப்பார்கள் என்று அதை மணலைத் தள்ளி மூடிவிட்டு வந்துவிட்டார்கள். இடத்தைக் கேட்டேன். அலை அடித்து மணல் மாறிவிட்டது, சரியாகச் சொல்லத் தெரியவில்லை என்றார்கள். அது அங்கேதான் எங்கேயோ இருக்கிறது. அதே இடத்தில்தான் சாயங்காலம் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள்.

இப்போது நான் கேட்பவற்றைச் சொல்கிறேன்.

முதலில் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். புதிதாக எழுதும்போது தொடாதே, காற்று வரும் பக்கமாக விலகி நில், பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொள், இந்த எண்ணுக்குச் சொல், நாங்கள் வருகிறோம் என்று எழுதுங்கள். வருவது உங்கள் வேலையாக இருக்கட்டும், தூக்கிவருவது எங்கள் வேலையாக இருக்க வேண்டாம். வலையில் ஏறினால் நடுக்கடலில் என்ன செய்வது என்பதற்குத் தனியாகப் பதில் சொல்லுங்கள். எங்கள் ஆட்களிடம் ஜிபிஎஸ் இருக்கிறது, இடத்தைச் சரியாகச் சொல்வார்கள். எழுதப்படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும்படி அந்தப் பொருட்களின் படத்தைப் போடுங்கள். ஏலக்கூடத்தில் மட்டும் ஒட்டினால் போதாது. ஏலக்கூடத்துக்குப் பாசிப் பெண்கள் வருவதில்லை, பிள்ளைகளும் வருவதில்லை. பள்ளிக்கூடம், கரைவலை இழுக்கும் இடம், காயலான் கடை மூன்றிலும் வேண்டும். கோயில், மாதா கோயில், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒரு தடவை சொன்னால் ஊர் முழுக்கப் போய்ச் சேரும்.

தகவல் சொல்கிறவரைக் குற்றவாளியாக விசாரிக்க மாட்டோம் என்று அதே அறிவிப்பில் எழுத்தில் கொடுங்கள். இது இல்லாவிட்டால் மற்றது எதுவும் நடக்காது.

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலோரத்தில் இருக்கும் ஒவ்வோர் ஆரம்பச் சுகாதார நிலையத்திலும், 108 வண்டியிலும், ஒரு பக்கம் அச்சடித்து ஒட்ட ஏற்பாடு செய்யுங்கள். துணியைக் கழற்று, தண்ணீர் ஊற்று, ஈரத்துணியால் மூடு, காயவிடாதே, எண்ணெயும் களிம்பும் தடவாதே, ஒட்டியிருக்கும் துணுக்கைத் தண்ணீருக்குள்ளேயே இடுக்கியால் எடு, விளக்கை அணைத்து இருட்டில் பார்த்தால் ஒளிர்வது மிச்சமிருப்பதைக் காட்டிக்கொடுக்கும். ஒரு பக்கத்துக்குள் அடங்கும். டாக்டர்களைக் கொண்டு சரிபார்த்து அச்சடியுங்கள். உங்கள் ஊழியர்களுக்கும் ஒரு நாள் பயிற்சி கொடுங்கள். டாங்கிமேல் குழாயை வைத்துக்கொண்டு போன அந்தத் தம்பியை முதலில் உட்கார வையுங்கள்.

இந்தக் கடலில் பயிற்சிக்காகப் புகைக்குழாயோ மிதவை விளக்கோ போடுகிறவர்களிடம் பேசுங்கள். போட்டது எத்தனை, எரியாமல் போனது எத்தனை, எந்தப் பக்கம் ஒதுங்கும் என்ற தகவலை ஊர்த் தலைவர்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். எண்ணிக்கையில் ரகசியம் இருந்தால் எண்ணிக்கை வேண்டாம், தேதியையும் கடல்பகுதியையும் மட்டுமாவது சொல்லட்டும்.

அந்தப் பையனின் குழாயில் இருந்தது என்ன என்பதை அவனுக்குச் சிகிச்சை கொடுக்கும் டாக்டருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். உடம்புக்குள் எது போனது என்று தெரியாமல் ஒரு வருஷமாக ரத்தப் பரிசோதனை செய்துகொண்டிருக்கிறார்கள். அவனுடைய அடுத்த அறுவைச் சிகிச்சைக்கும், அவன் அம்மா இழந்த ஐந்து வாரக் கூலிக்கும் நிவாரணம் கொடுங்கள். மனு கொடுத்தாகிவிட்டது, உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது.

கச்சான் மறுபடியும் தொடங்க இன்னும் ஏழு வாரம்தான் இருக்கிறது. எனக்குத் தனியாகப் பதில் அனுப்ப வேண்டாம். பதிலை அந்த ஏலக்கூடத்துச் சுவரில், இப்போதைய அறிவிப்பை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
பாம்பன் தீவு